தேதி வரியில் தொடங்குங்கள்: பழைய எபிரேயக் கையெழுத்தைப் படிக்க ஓர் எளிய வழி

எபிரேய மொழியின் 22 எழுத்துகளையும் கற்று, அச்சிட்ட பைபிளின் முதல் அதிகாரத்தைத் தட்டுத்தடுமாறியாவது வாசித்துவிடுகிற ஒருவரிடம், 1600-களில் வெனிஸிலோ பிராகிலோ எழுதப்பட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். முதல் வரியிலேயே நின்றுவிடுவார். இஸ்ரேலில் பிறந்து வளர்ந்து, தினமும் எபிரேயத்தில் எழுதுகிறவருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். மொழி தெரியாததால் வரும் சிக்கல் இல்லை இது. அச்சில் நாம் பார்க்கும் சதுர எழுத்து, அந்தக் காலத்தில் எழுதப்பட்ட பலவகை எழுத்துகளில் ஒன்று மட்டுமே.

ஏறத்தாழ 1500-லிருந்து 1800 வரையிலான காலத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கடிதங்கள், கடன் பத்திரங்கள், திருமண ஒப்பந்தங்கள், சமூகப் பதிவேடுகள், நாட்குறிப்புகள் என்று இந்தக் காலத்து எபிரேய எழுத்துத் தாள்கள் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் பெரிய வணிகராக இருந்த எசெக்கியேல் ரஹபி (1694–1771) ஹாலந்துக்கு எபிரேயத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆக, தென்னிந்திய வரலாறு படிக்கிறவர்களுக்கும் இது முழுக்க அந்நியமான விஷயம் இல்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எபிரேய எழுத்துக்கு மூன்று வேகங்கள் உண்டு என்பது. தோரா (பைபிளின் முதல் ஐந்து நூல்கள்) சுருளுக்கும் அழகாகச் செய்யப்பட்ட ஏடுகளுக்கும் நிதானமாக எழுதும் சதுர எழுத்து ஒன்று. படிப்புக்காக நூல்களைப் பிரதி எடுக்கும்போது பயன்பட்ட இடைநிலை எழுத்து இன்னொன்று. கணக்கு, கடிதம், குறிப்பு என்று அன்றாட வேலைக்கான வேக எழுத்து மூன்றாவது. ஆங்கிலக் கையெழுத்தைப்போல இந்த வேக எழுத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் மூலைகளை இழந்து, இரண்டு மூன்று கோடுகளில் முடிந்துவிடும்.

இடைநிலை எழுத்தைக் கற்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அது அச்சிலும் வந்துவிட்டது. தேதி குறிப்பிட்டு அச்சான எபிரேய நூல்களில் நமக்குத் தெரிந்த முதல் நூல், 1475-ல் தெற்கு இத்தாலியின் ரெஜ்ஜோ டி கலப்ரியாவில் வந்த, ராஷி என்ற யூத உரையாசிரியரின் தோரா உரை. அதை ஸ்பெயின் யூதர்களின் இடைநிலை எழுத்தைப் பார்த்து வார்த்த அச்சுருக்களில் அடித்தார்கள். பிறகு வெனிஸ் அச்சகங்களும் உரைகளுக்கு அதே பாணியைப் பயன்படுத்த, 'ராஷி எழுத்து' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ராஷி 1105-ல் பிரான்ஸின் த்ருவா நகரில் இறந்தவர். இந்த எழுத்தில் அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. பெயர் எப்படியோ போகட்டும், பயிற்சிக்கு இதைவிட நல்ல படிக்கட்டு கிடையாது. அச்சு என்பதால் ஒவ்வோர் எழுத்தும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அலெஃப், ட்ஸாடி, ஷின் மூன்றும் சதுர வடிவத்திலிருந்து வெகுதூரம் போயிருக்கும். சாமெக்கும் சொல்லின் கடைசியில் வரும் மேமும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். இரண்டு வாரம் ராஷி எழுத்தில் பழகிவிட்டு அப்புறம் கையெழுத்துக்கு வருவதுதான் நல்லது என்பது என் எண்ணம். நேரே வேக எழுத்தில் குதிக்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ஊர். ஜெர்மனி, போலந்துப் பக்கத்து அஷ்கெனாசி யூதர்களின் கை ஒரு விதம். ஸ்பெயினிலிருந்து வந்த செஃபார்திகளின் கை இன்னொரு விதம். இத்தாலியர், பைசாந்தியர், யேமனியர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கை. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கையெழுத்து, எழுதப்பட்ட ஊரைக் காட்டுவதைவிட எழுதியவர் எங்கே எழுதப் படிக்கக் கற்றார் என்பதையே காட்டுகிறது. 1492-ல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்கள் தங்கள் கையையும் கூடவே கொண்டுபோனார்கள். சலோனிகாவிலும் இஸ்தான்புல்லிலும் அது பேரன்கள் காலம் வரை அப்படியே ஓடியது. உஸ்மானிய நாட்டு செஃபார்திகளின் 'சொலிட்ரெயோ' வேக எழுத்து 20-ஆம் நூற்றாண்டு வரை வழக்கில் இருந்தது. வெனிஸில் 1516-ல் யூதர்களுக்கென்று கெட்டோ என்ற தனிக் குடியிருப்பு ஒதுக்கப்பட்ட பிறகு, ஒரே தெருவில் ஜெர்மானியக் கையும் செஃபார்திக் கையும் இத்தாலியக் கையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தன. இன்றைய இஸ்ரேலியப் பள்ளிக் கையெழுத்து அஷ்கெனாசி வேக எழுத்தின் வழிவந்தது. அதனால் அது தெரிந்தவருக்கு பிராக் கடிதத்தில் சில எழுத்துகளாவது முகம் காட்டும். சலோனிகா கடிதத்தில் அந்த உதவியும் கிடைக்காது.

மூன்றாவது கேள்வி மொழி. எழுத்து எபிரேயம் என்பதால் மொழியும் எபிரேயம் என்று நினைத்துவிடக் கூடாது. யிட்டிஷ் (அஷ்கெனாசிகளின் ஜெர்மன் வழி மொழி), லடினோ (செஃபார்திகளின் ஸ்பானிஷ்), அரமேயம் (எபிரேயத்துக்கு உறவான பழைய மொழி), யூத-அரபு, யூத-இத்தாலியம் எல்லாம் இதே 22 எழுத்தில்தான் எழுதப்பட்டன. நல்லவேளையாக, ஒரு சொல்கூட வாசிக்காமலே மொழியை ஊகிக்கலாம். அயினும் அலெஃபும் கொத்துக் கொத்தாக வந்து, யோட்டும் வாவும் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் அது யிட்டிஷ். அதில் அயின் 'எ' ஒலிக்கான உயிரெழுத்தாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் கடைசியில் சாமெக் வந்து நின்றால் லடினோவாக இருக்கலாம்; ஸ்பானிஷ் பன்மையின் '-ஓஸ்', '-ஆஸ்' அங்கே அப்படித்தான் முடியும். யோட்டும் இறுதி மேமும் ஜோடியாகச் சொற்களை முடித்தால் எபிரேயப் பன்மை '-ஈம்'. அலெஃபிலும், யோட்–இறுதி நூன் ஜோடியிலும் முடிகிற சொற்கள் நிறைய இருந்தால் அரமேயம். ஒரே தாளில் இரண்டு மொழி இருப்பதும் சகஜம். நலம் விசாரிக்கும் முகப்பு எபிரேயத்தில் இருக்கும், வீட்டு விஷயம் யிட்டிஷில் ஓடும், கடைசியில் தேதி மறுபடி எபிரேயத்தில் வரும்.

உயிர்க்குறிகளை எதிர்பார்க்காதீர்கள். பைபிளிலும் வழிபாட்டு நூலிலும் எழுத்துகளுக்குக் கீழும் மேலும் தெரிகிற புள்ளிகளும் கோடுகளும் கடிதத்தில் இருக்காது. புள்ளியில்லாத ஓலைச்சுவடியில் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்து முடிவுசெய்கிறோமே, அந்தப் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய விஷயமே இல்லை.

சரி, எங்கே ஆரம்பிப்பது? முதல் வரியில் வேண்டாம். கடிதத்தின் முதல் வரிகள் பெறுநரைப் புகழ்ந்து அடுக்குகிற அலங்காரச் சொற்கள். பைபிள் வரிகளை ஒடித்து ஒட்டி எழுதியிருப்பார்கள். படித்த பண்டிதருக்கே சிரமம். தேதி வரிக்குப் போங்கள். கடிதத்தில் அது தலைப்பிலோ கையொப்பத்துக்குப் பக்கத்திலோ இருக்கும். அங்கே என்ன எழுதியிருக்க முடியும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும்: ஒரு கிழமை, ஒரு நாள் எண், ஒரு மாதம், ஓர் ஆண்டு. மாதங்கள் மொத்தம் 12, அதிமாத ஆண்டில் அதார் இரண்டு முறை வரும். ஆக, எழுதியிருக்கும் மாதப் பெயர் ஒரு டஜன் சொற்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். விடை தெரிந்த கேள்வித்தாளைப் போல, சொல்லை வைத்து எழுத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

இந்த மாதப் பெயர்களை யாரோ பாடத்துக்காகவே அமைத்ததுபோல இருக்கும். எபிரேயத்தில் ஆரம்பநிலையாளரை அதிகம் ஏமாற்றுவது டாலெட்டும் ரேஷும். அச்சில் டாலெட்டுக்கு வலது மேல்மூலை கூராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ரேஷுக்கு மழுங்கியிருக்கும். வேகமாக எழுதும்போது அந்த மூலைதான் முதலில் காணாமல் போகும். 'அதார்' என்ற மாதத்தை அலெஃப், டாலெட், ரேஷ் என்று மூன்று எழுத்தில் எழுதுவார்கள். இரண்டும் ஒட்டினாற்போல, அதே கையில், அதே மையில். இந்த எழுத்தர் இரண்டையும் எப்படிப் பிரிக்கிறார் என்று அங்கே பார்த்துக்கொண்டால் மீதித் தாள் முழுக்க அது உதவும். 'தம்மூஸ்' மாதம் தாவ், மேம், வாவ், ஸாயின். வாவும் ஸாயினும் கிட்டத்தட்ட ஒரே செங்குத்துக் கோடுகள்தான். இங்கே அவையும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. 'எலூல்' மாதம் அலெஃபில் தொடங்கி உடனே லாமெட்டுக்குப் போகும். இந்த இரண்டையும் பின்னிப் பிணைத்து ஒரே வடிவமாக எழுதுகிற பழக்கம் பல எழுத்தர்களுக்கு உண்டு. தெரியாதவர் அதை 23-ஆவது எழுத்து என்று எண்ணிக் குழம்புவார். எலூலில் பார்த்தவர் குழம்ப மாட்டார். 'நீசான்', 'சீவான்', 'ஹெஷ்வான்' மூன்றும் இறுதி நூனில் முடியும். அது கோட்டுக்குக் கீழே நீளமாக இறங்கும்.

எல்லா மாதங்களையும் எழுதிப் பார்த்தால் 22-ல் 16 எழுத்துகள் வந்துவிடும். வராதவை கிமெல், ஹே, அயின், பே, ட்ஸாடி, கோஃப். ஒரே தாளில் எல்லா மாதமும் வராதுதான். ஆனால் சமூகப் பதிவேடோ கணக்குப் புத்தகமோ கிடைத்தால் பக்கத்துக்குப் பக்கம் தேதி இருக்கும். அதனால்தான், கற்கத் தொடங்குகிறவருக்குக் கடிதத்தைவிடப் பதிவேடு நல்லது என்பேன். சுவாரசியம் குறைவு, லாபம் அதிகம்.

இனி எண்கள். எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். அலெஃப் 1, யோட் 10, கோஃப் 100, தாவ் 400. கிழமையும் அப்படியே: ஞாயிறு அலெஃப், செவ்வாய் கிமெல். இதோ, மாதங்களில் வராத கிமெல் இங்கே கிடைத்துவிட்டது. யூதக் கணக்கில் ஆண்டு ஐயாயிரத்துச் சொச்சம். அதைச் சொல்லும்போது 5000-ஐ விட்டுவிட்டு, மீதியை மட்டும் எழுதி, 'சிறு கணக்குப்படி' என்பதற்கு லாமெட், பே, கோஃப் என்று மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் போடுவார்கள். பேயும் கோஃபும் வந்தாயிற்று. அந்தச் சிறு எண்ணோடு 1240-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். ஷின், பே என்று இருந்தால் 380, கூட்டினால் 1620. ஆனால் யூதப் புத்தாண்டு செப்டம்பர்–அக்டோபரில் பிறக்கிறது. எனவே அதிலிருந்து டிசம்பர் வரையிலான தேதியாக இருந்தால் ஒன்று கழிக்க வேண்டும், 1619.

நாள் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. 15-ஐ யோட்–ஹே (10+5) என்று எழுத மாட்டார்கள். அது இறைவனின் பெயரில் ஒரு பகுதியாகிவிடும். அதனால் டெட்–வாவ், அதாவது 9+6. அதே காரணத்தால் 16-க்கு டெட்–ஸாயின், 9+7. இப்போது பாருங்கள், 15-க்கும் 16-க்கும் உள்ள வேறுபாடு முழுவதும் வாவா ஸாயினா என்பதில் வந்து நிற்கிறது. அடையாளம் காண்பதில் மிகக் கஷ்டமான ஜோடி அதுதான். அங்கே கண்ணை நம்பாமல் கிழமையை நம்ப வேண்டும். ஒரு கடிதத்தில் 'செவ்வாய், அதார்' என்பது தெளிவாக இருக்கிறது, நாள் 15-ஆ 16-ஆ என்று புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். யூதப் பஞ்சாங்க விதிப்படி, அதாருக்கு அடுத்த நீசான் மாதம் 15-ல் வரும் பஸ்கா பண்டிகை திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் தொடங்கவே முடியாது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், அதார் 15 ஒருபோதும் செவ்வாயாக வராது. ஆக அது 16, அந்தக் கோடு ஸாயின். இப்படி ஒரு முறை உறுதியானதும், அந்த எழுத்தரின் ஸாயினை வெட்டி எடுத்து உங்கள் அட்டவணையில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கைக்கும் தனி அட்டவணை போடுங்கள். இணையத்திலும் பாடநூல்களிலும் கிடைக்கும் 'அஷ்கெனாசி எழுத்து அட்டவணை' எல்லாம் சராசரிதான். எழுதியவர் சராசரி மனிதர் இல்லை. தாளின் படத்திலிருந்து எழுத்துகளை அப்படியே நறுக்கி வரிசைப்படுத்துவதே போதும்; உறுதியானவை மட்டும், சந்தேகம் உள்ளவை ஓரமாக.

தேதிக்கு அடுத்தபடி கையொப்பம். இங்கேயும் என்ன வரும் என்று தெரியும்: பெயர், 'பென்' (மகன்) என்ற சொல், தந்தை பெயர். உதாரணத்துக்கு வெனிஸின் ரப்பி (யூத மத குரு) லியோன் மொதெனாவை (1571–1648) எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் வேலையிலிருந்து கல்யாணத் தரகு, பிறருக்காகக் கடிதம் எழுதுவது வரை 26 தொழில்கள் பார்த்ததாகப் பட்டியல் போட்டவர், சூதாட்டத்தில் பணத்தை விட்டதையும் மறைக்காமல் தன் வாழ்க்கைக் கதையைத் தன் கையாலேயே எழுதியவர். அந்த ஏடு மிலானில் அம்ப்ரோசியானா நூலகத்தில் இருக்கிறது. அவருடைய எபிரேயப் பெயர் யெஹூதா ஆர்யே. யோட், ஹே, வாவ், டாலெட், ஹே. அப்புறம் அலெஃப், ரேஷ், யோட், ஹே. ஒன்பது எழுத்தில் ஹே மூன்று முறை, யோட் இரண்டு முறை, டாலெட்டும் ரேஷும் ஒவ்வொரு முறை. ஒரே எழுத்தை ஒருவர் மூன்று முறை எப்படி எழுதுகிறார், அதில் எவ்வளவு மாறுபடுகிறார் என்று பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்?

பெயர்களில் இன்னொரு சௌகரியம், அவை ஜோடியாக வருவது. பைபிளில் யெஹூதா சிங்கத்துக்கு ஒப்பிடப்படுகிறான்; அதனால் யெஹூதா என்றால் ஆர்யே, அல்லது யிட்டிஷில் லைப், இரண்டும் சிங்கம்தான். ட்ஸ்வி என்றால் கூடவே ஹிர்ஷ், இரண்டும் மான். டோவ் என்றால் யிட்டிஷில் 'பெர்', இரண்டும் கரடி. பென்யாமின் என்றால் ஸெயெவ், வோல்ஃப், ஓநாய். முதல் பாதி படிந்துவிட்டால் மறுபாதியை ஊகித்து எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ட்ஸ்வியில் ட்ஸாடியும் கிடைக்கிறது.

பெயரைச் சுற்றிச் சுருக்கக் குறிகள் ஈக்களாக மொய்க்கும். கடைசி எழுத்துக்கு முன்னால் மேலே இரட்டைக் கீறல் தெரிந்தால் அது சுருக்கம், அல்லது எண். ஸாயின்–லாமெட் என்றால் 'அவர் நினைவு ஆசியாகட்டும்', அதாவது ஆள் காலமாகிவிட்டார். அயின்–ஹே என்றாலும் அப்படியே, 'அவர்மேல் சமாதானம்'. யோட்–ட்ஸாடி–வாவ் என்றால் உயிரோடு இருக்கிறார், கடவுள் காக்கட்டும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டாலே, கடிதம் எழுதிய நாளில் தந்தை உயிருடன் இருந்தாரா என்று சொல்லிவிடலாம்; குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு இது தங்கம். ஊர்ப் பெயருக்கு முன் இரண்டு கோஃப் வந்தால் 'புனித சமூகம்'. இறைவன் பெயரை முழுதாக எழுத மாட்டார்கள். ஒரு ஹேயும் கீறலும், அல்லது இரண்டு யோட் போட்டுவிட்டு நகர்வார்கள். இப்போது எண்ணிப் பாருங்கள். மாதங்களில் வராத ஆறு எழுத்துகளும் கிழமையிலும் ஆண்டிலும் பெயரிலும் சுருக்கத்திலுமாக வந்து சேர்ந்துவிட்டன. கடிதத்தின் உள்விஷயத்தைத் தொடாமலே 22 எழுத்தும் கையில்.

உள்ளே போனபின் இரண்டு தூண்கள் கைகொடுக்கும். வரிக்கு மேலே எழும்பும் எழுத்து லாமெட் ஒன்றுதான். கீழே இறங்குபவை கோஃபும், காஃப், நூன், பே, ட்ஸாடி ஆகியவற்றின் இறுதி வடிவங்களும். இறுதி வடிவம் தெரிந்தால் சொல் அங்கே முடிகிறது என்று பொருள், இடைவெளி தெளிவில்லாத கையில் இது பெரிய உதவி. வரியின் ஓரத்தில் அர்த்தமில்லாமல் இரண்டு மூன்று எழுத்து தொங்கினால் பயப்பட வேண்டாம். பல எழுத்தர்கள் சொல்லை இரண்டு வரிக்கு உடைக்க மாட்டார்கள். இடம் மிஞ்சினால் அடுத்த சொல்லின் முதல் எழுத்துகளை இட்டு நிரப்பிவிட்டு, மறுவரியில் அந்தச் சொல்லை முழுதாக எழுதுவார்கள். பக்கத்தின் அடியில் தனியாக நிற்கும் சொல்லும் அப்படித்தான், அது அடுத்த பக்கத்தின் முதல் சொல். இத்தாலிய ஏடுகளின் கடைசித் தாளில் லத்தீன் எழுத்தில் ஒரு கிறுக்கல் தெரிந்தால், அது பெரும்பாலும் திருச்சபைத் தணிக்கையாளரின் ஒப்பம். டொமெனிகோ ஜெரோசொலிமிதானோ என்ற, மதம் மாறிய யூதரின் ஒப்பம் அவற்றில் மிகப் பிரபலம்.

பயிற்சிக்கு எதை எடுப்பது? விடையோடு கூடிய கணக்குதான் நல்லது, அதாவது ஏற்கெனவே யாரோ படித்து அச்சிட்ட கையெழுத்து. 1619 நவம்பரில் பிராக் யூதர்கள் வியன்னாவில் இருந்த உறவினர்களுக்கு ஒரு கட்டுக் கடிதம் அனுப்பினார்கள். முப்பதாண்டுப் போர் தொடங்கியிருந்த நேரம், பிராகும் வியன்னாவும் எதிரெதிர்ப் பக்கம். கட்டு வழியில் பறிமுதல் ஆகி, ஒருவர் கைக்கும் போய்ச் சேராமல் வியன்னா ஆவணக் காப்பகத்தில் கிடந்து, 1911-ல் அச்சேறியது. பெரும்பாலும் யிட்டிஷ், அதில் கணிசமானவை பெண்கள் எழுதியவை. பல கைகள் ஒரே வாரத்தில் எழுதியவை என்பதால் ஒருவர் அலெஃபையும் இன்னொருவர் அலெஃபையும் ஒப்பிட இதுபோல வாய்ப்பு அரிது. எபிரேயக் கையேடுகளைப் பொறுத்தவரை, உலகெங்கும் சிதறியிருப்பவற்றை நுண்படமாகத் திரட்டும் வேலை 1950-ல் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியன் முயற்சியில் தொடங்கியது. இப்போது இஸ்ரேல் தேசிய நூலகத்தின் 'க்தீவ்' தளத்தில் பெரும் எண்ணிக்கையில் படங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்.

கையெழுத்தைத் தானே படிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. ட்ரான்ஸ்கிரிபஸ், இ-ஸ்கிரிப்டோரியம் இரண்டும் எபிரேயத்துக்குப் பயன்படுகின்றன. நீண்ட பதிவேட்டில் ஒரு பெயரைத் தேட அவை அருமை. ஆனால் நாம் தடுமாறும் இடத்தில்தான் அவையும் தடுமாறுகின்றன. டெட்டுக்குப் பக்கத்தில் இருப்பது வாவ் என்று திரை சொன்னால், கிழமை என்ன என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.